முள் மாற்றலாம், தட்டை மாற்ற முடியாது

சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்பவரை ‘கீறல் விழுந்த ரெக்கார்டு’ என்கிறோம். பாட்டுப்பெட்டியைக் கண்ணால் பார்த்திராத பிள்ளைகள்கூட இந்த வசவைச் சரளமாகப் பயன்படுத்துகிறார்கள். பாவம், பழி முழுவதும் தட்டின் தலையில்தான் விழுகிறது. நிபோங் திபால், ஜாவி, சுங்கை பாக்காப் வட்டாரத்தில் என்னிடம் வந்த பெட்டிகளில் பல, கீறலே இல்லாத தட்டில்தான் தாவிக்கொண்டிருந்தன. குற்றம் முள்ளில் இருந்தது. இல்லாவிட்டால் முள்ளைத் தாங்கும் கையில் இருந்தது.

இசைத்தட்டு மறுபடியும் வீடுகளுக்குள் வந்துவிட்டது. தாத்தாவின் பெட்டியைப் பரணிலிருந்து இறக்குபவர்கள் ஒரு பக்கம். முதல் சம்பளத்தில் புதுப் பெட்டி வாங்கும் இளைஞர்கள் மறுபக்கம். இரண்டு தரப்பும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: “பாட்டு ஏன் தாவுது? ஏன் கரகரன்னு இருக்கு?” இந்த வாரம் அதற்குத்தான் பதில். கடைக்குத் தூக்கிப் போவதற்கு முன் வீட்டிலேயே செய்து பார்க்கக்கூடியவற்றை வரிசையாகச் சொல்கிறேன்.

அதற்கு முன் ஒன்றை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். முள் தேய்ந்தால் இன்னொன்று வாங்கலாம். கை இறுகினால் சரிசெய்யலாம். தட்டு கெட்டால் கெட்டதுதான். அப்பா தன் பெயரை மையால் எழுதி வைத்த அந்தத் தட்டு எந்தக் கடையிலும் கிடைக்காது. ஆகவே பாட்டு கேட்கிறதா என்பதோடு நின்றுவிடாதீர்கள். தட்டுக்குக் காயம் படாமல் கேட்கிறதா என்றும் பாருங்கள்.

முள் போகும் தூரம்

தட்டின் முகத்தில் சுருண்டு சுருண்டு உள்நோக்கிப் போகும் மெல்லிய பள்ளத்தை வரி என்று வைத்துக்கொள்வோம். எல்பி தட்டின் ஒரு பக்கத்தில் பல வரிகள் இருப்பதுபோல் தெரியும். உண்மையில் ஒரே வரிதான், வெளி ஓரத்தில் தொடங்கி நடுவில் முடிகிறது. அதன் அகலம் நம் தலைமுடியைவிடக் குறைவு. அதன் இரண்டு சுவர்களிலும் உள்ள நெளிவுகள்தாம் பாட்டு. முள் அந்த நெளிவுகளில் உரசிக்கொண்டே போகிறது. அது ஆடும் ஆட்டத்தை கார்ட்ரிட்ஜ் மின்சாரமாக மாற்றுகிறது.

கணக்குப் போட்டுப் பார்த்தால் வியப்பாக இருக்கும். எல்பி தட்டு நிமிடத்துக்கு 33⅓ சுற்று சுற்றுகிறது. 20 நிமிடம் ஓடும் ஒரு பக்கத்தில் முள் ஏறக்குறைய 430 மீட்டர் உரசிப் போகிறது. 500 மணி நேரம் பாட்டு கேட்டால் 650 கிலோமீட்டர் ஆகிவிடும். நிபோங் திபாலிலிருந்து ஜொகூர் பாரு வரை ஒரு வைர முனை தரையில் உரசிக்கொண்டே போனதற்குச் சமம்.

வைரமே ஆனாலும் இந்த உரசலில் தேயும். சாதாரண உருண்டை முனை முள்ளுக்கு ஏறத்தாழ 500 மணி நேரம், நீள்வட்ட முனைக்கு 300 மணி நேரம் என்று ஆடியோ டெக்னிக்கா நிறுவனம் கணக்குச் சொல்கிறது. பழைய ரேடியோகிராம்களில் வந்த நீலமணி முள்ளின் ஆயுள் இதில் சிறு பங்குதான். தினமும் ஒரு மணி நேரம் கேட்பவர் நீள்வட்ட முள்ளை ஓராண்டுக்குள் மாற்ற வேண்டியிருக்கும்.

தேய்ந்த முள் பாடாமல் நின்றுவிட்டால் நல்லது. அது நிற்பதில்லை. தேய்ந்த இடத்தில் தட்டையாகி, இரண்டு ஓரமும் உளிபோல் கூர்மையாகிவிடும். அந்த உளி ஒவ்வொரு முறையும் வரியின் சுவரைச் செதுக்கும். நம் காதுக்கு அது மெல்ல மெல்லத்தான் தெரியும். தெரியும்போது பல தட்டுகள் செதுக்கப்பட்டிருக்கும்.

பத்துக் காசு வைத்தியம்

பெட்டி தாவினால் நம் வீடுகளில் ஒரு கைவைத்தியம் உண்டு. கையின் தலைப்பக்கத்தில் ஒரு பத்துக் காசை வைத்து டேப் ஒட்டிவிடுவார்கள். தாவல் நின்றுவிடும். எல்லாருக்கும் மகிழ்ச்சி.

ஜாவியில் பணி ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர் இருக்கிறார். அவருடைய அப்பா தோட்டத்தில் கிராணியாக இருந்தவர். மாதச் சம்பளத்தில் சேர்த்த தட்டுகள் நூறுக்கு மேல். படப்பாட்டும் உண்டு, கதைவசனத் தட்டுகளும் உண்டு. பழைய கேரார்டு பெட்டி, தானாகவே கை தூக்கி நிறுத்திக்கொள்ளும் வகை. தட்டு முடியப்போகும் நேரத்தில் தாவுகிறது என்று பேரன் பத்துக் காசு ஒட்டினான். ஆறு மாதம் கழித்து என்னைக் கூப்பிட்டார்.

“தம்பி, காசு வெச்சதுல இருந்து தாவவே இல்ல. ஆனா இப்ப கடைசிப் பாட்டு வரும்போது மணல் கொட்டுற மாதிரி சத்தம் வருது. எல்லாத் தட்டுலயும் வருது.”

“காச எடுத்தாச்சா டீச்சர்?”

“எடுத்தா தாவுதேப்பா!”

பெட்டியைக் கவிழ்த்துப் பார்த்தேன். கை தானாகத் தூக்கும் பொறியில் போட்டிருந்த கிரீஸ், பல ஆண்டு வெயிலுக்கும் வெக்கைக்கும் காய்ந்து பசைபோல் இறுகியிருந்தது. இவ்வகைப் பெட்டிகளில் கை தட்டின் நடுவை நெருங்கும்போது ஒரு சிறு நெம்புகோலைத் தள்ளிக்கொண்டு போகவேண்டும். அது இறுகியிருந்ததால் கை தடைபட்டது; முள் வரியை விட்டுத் துள்ளியது. காசு அந்தத் தடையை நீக்கவில்லை. துள்ள முடியாதபடி முள்ளை அமுக்கிப் பிடித்துக்கொண்டது, அவ்வளவுதான். நெம்புகோலைத் தள்ளும் பாரம் முழுவதையும் வரியின் சுவர் சுமந்தது.

நம் நாட்டுப் பத்துக் காசின் எடை ஏறக்குறைய 3 கிராம். அந்த கார்ட்ரிட்ஜுக்கு உரிய எடை 2 கிராம். ஆக, 2 கிராம் நிற்க வேண்டிய இடத்தில் 5 கிராம் நின்றது, ஆறு மாதம்.

பழைய கிரீஸை வழித்துத் துடைத்து, புது முள் போட்டு, எடையைச் சரிசெய்த பிறகு பெட்டி காசு இல்லாமல் பாடியது. ஆனால் அந்த ஆறு மாதத்தில் அடிக்கடி போட்ட தட்டுகளில் கடைசி ஒரு அங்குலம் மணல் சத்தம் இன்னும் இருக்கிறது. அது போகாது. டீச்சர் எதுவும் சொல்லவில்லை. அந்தத் தட்டுகளை மட்டும் தனியாக எடுத்து வைத்தார்.

இதனால்தான் சொல்கிறேன்: காசு வைப்பது காய்ச்சல்காரருக்குக் காய்ச்சல்மானியை உடைத்துவிட்டு ‘காய்ச்சல் இல்லை’ என்பது போன்றது. தாவல் ஓர் அறிகுறி. காரணத்தைத் தேட வேண்டும்.

வரிசையாகப் பாருங்கள்

காரணத்தைத் தேடும்போது எளியதிலிருந்து தொடங்குங்கள்.

முதலில் மேசை. பெட்டி சமமாக இருக்கிறதா? கைப்பேசியில் உள்ள மட்டம் பார்க்கும் செயலியைத் தட்டு சுழலும் மேடையின் மேல் வைத்துப் பாருங்கள். சாய்ந்திருந்தால் கை ஒரு பக்கமாகச் சறுக்கும். பலகைத் தரை வீடுகளில் ஆள் நடந்தாலே முள் துள்ளும். பெட்டியைச் சுவரோரமாக, கனமான மேசைக்கு மாற்றுங்கள். ஸ்பீக்கரையும் பெட்டியையும் ஒரே மேசையில் வைக்காதீர்கள். சத்தம் கூட்டும்போது ஊளையிடும்.

இரண்டாவது முள். பத்து மடங்கு பெரிதாக்கும் கண்ணாடி ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நகைக்கடைக்காரர் கண்ணில் இடுக்கிக்கொள்வாரே, அதுதான். முள் நுனியில் பஞ்சுபோல் தூசு திரண்டிருக்கிறதா? பல பெட்டிகளின் வியாதி இவ்வளவே. அடுத்து, முன்னால் இருந்து பாருங்கள். முள் பொருந்தியிருக்கும் மெல்லிய தண்டு நேராக இருக்கிறதா, ஒரு பக்கம் கோணியிருக்கிறதா? பக்கவாட்டிலிருந்தும் பாருங்கள். தட்டின் மேல் வைத்ததும் கார்ட்ரிட்ஜின் வயிறு தட்டைத் தொடுகிறதா? தண்டு கோணியிருந்தாலும் வயிறு தொட்டாலும் நிமிர்த்திப் பார்க்க வேண்டாம். முள்ளை மாற்றுங்கள்.

தண்டைத் தாங்குவது ஒரு கடுகளவு ரப்பர். நம் ஊர் வெக்கையில் அது நாளடைவில் இறுகும் அல்லது தளரும். ஐம்பது ஆண்டுக்கு முந்தைய முள், ‘பிரிக்காத புதுசு’ என்று விலைக்கு வருவதுண்டு. வைரம் புதிதாக இருக்கலாம், ரப்பருக்கு வயது ஐம்பதுதான்.

மூன்றாவது, சுத்தம். மெல்லிய தூரிகையால் முள்ளின் பின்பக்கத்திலிருந்து முன்பக்கமாக, ஒரே திசையில் தடவுங்கள். தட்டு முள்ளுக்கடியில் நகரும் திசையும் அதுதான். குறுக்கே தடவினாலும் முன்னிருந்து பின்னாகத் தள்ளினாலும் தண்டு ஒடியும். விரலால் ஊதித் தட்டும் பழக்கம் வேண்டவே வேண்டாம். ஒவ்வொரு தட்டுக்கும் முன் இதைச் செய்தால் பத்து விநாடிதான் ஆகும்.

தட்டையும் துடையுங்கள். இங்குள்ள ஈரக்காற்றில் உறைக்குள்ளேயே பூஞ்சணம் பூக்கும். அந்தப் பூஞ்சணம்தான் முள்ளில் ஒட்டிக்கொண்டு அடுத்த தட்டுக்கும் போகிறது.

கையை எடை போடுதல்

முள்ளும் தட்டும் சுத்தமாக இருந்தும் தாவினால், அடுத்து கையைப் பாருங்கள். கையின் பின்பக்கத்தில் திருகக்கூடிய எடைக்கட்டி இருந்தால் உங்கள் பெட்டியைச் சரிசெய்ய முடியும்.

பெட்டியை நிறுத்திவிட்டு, பக்கத்தில் ‘ஆன்டி ஸ்கேட்’ என்று எழுதிய குமிழை 0-க்குத் திருப்புங்கள். முள்மூடியைக் கழற்றி, கை தூக்கும் நெம்புகோலைக் கீழே இறக்கி, கையைத் தட்டுக்கு வெளியே பிடித்துக்கொள்ளுங்கள். முள் எதிலும் படக்கூடாது. பின்பக்க எடையை மெல்லத் திருகுங்கள். கை மேலும் போகாமல் கீழும் போகாமல் தராசுக்கோல்போல் அந்தரத்தில் நிற்கும் இடம் வரும். அதுதான் சுழி நிலை.

இந்த நிலையிலேயே ஒரு சோதனை செய்துவிடலாம். கையை மெல்ல ஊதுங்கள். தடையில்லாமல் உள்ளும் வெளியும் மிதந்து போக வேண்டும். ஏதாவது ஓரிடத்தில் தயங்கி நின்றால் முள் மேல் குற்றமில்லை. கையின் அச்சு இறுகியிருக்கிறது, உள்ளே போகும் கம்பி இழுக்கிறது, அல்லது டீச்சர் வீட்டுப் பெட்டிபோல் கிரீஸ் காய்ந்திருக்கிறது. இதற்குக் கைதேர்ந்த பழுதுபார்ப்பவர் தேவை. எடையைக் கூட்டிச் சமாளிக்கலாம் என்று நினைக்காதீர்கள்.

தடை இல்லையென்றால் மேலே செல்லுங்கள். எடைக்கட்டியை அசையாமல் பிடித்துக்கொண்டு அதன் முன்னால் உள்ள எண் வளையத்தை மட்டும் 0-க்குத் திருப்புங்கள். பிறகு எடையும் வளையமும் சேர்ந்து திரும்பும்படி, உங்கள் கார்ட்ரிட்ஜுக்கு உரிய எண் வரும்வரை திருகுங்கள். அந்த எண் கார்ட்ரிட்ஜின் கையேட்டில் இருக்கும். ஆடியோ டெக்னிக்காவின் விஎம்95இ வகைக்கு 2.0 கிராம், ஆர்டோஃபானின் 2எம் ரெட் வகைக்கு 1.8 கிராம். மற்றவற்றுக்கும் தயாரிப்பாளர் சொன்ன எண்ணையே வையுங்கள்.

எடை குறைந்தால் தட்டுக்கு நல்லது என்று பலர் நினைக்கிறார்கள். தவறு. எடை போதாவிட்டால் முள் வரிக்குள் ஒட்டி நிற்காமல் துள்ளித் துள்ளிச் சுவரில் மோதும். அந்த மோதலும் தட்டைச் சேதப்படுத்தும். குறைத்து வைப்பதைவிட, அனுமதித்த வரம்பின் மேல் பாதியில் வைப்பது நல்லது.

வளையத்தில் உள்ள எண்ணை முழுதும் நம்பாமல், முள் எடை பார்க்கும் சிறிய மின்தராசு ஒன்று வாங்குங்கள். இணையக் கடைகளில் மலிவாகவே கிடைக்கிறது. அது சரியாகக் காட்டுகிறதா என்று பார்க்க நம் பத்துக் காசு உதவும்! புதிய வகைப் பத்துக் காசைத் தராசில் வைத்தால் 3 கிராமை ஒட்டிக் காட்ட வேண்டும். பெட்டிக்குப் பத்துக் காசு செய்யக்கூடிய நல்ல உதவி இது ஒன்றுதான். தராசின் தட்டு, இசைத்தட்டின் உயரத்திலேயே இருக்கும்படி வைத்து அளவெடுங்கள்.

கடைசியாக ஆன்டி ஸ்கேட். கையின் தலைப்பக்கம் வளைந்திருப்பதால், சுழலும் தட்டு முள்ளை நடுவை நோக்கி இழுக்கும். அந்த இழுப்பைச் சமன்செய்து வெளிப்பக்கமாக இழுத்துப் பிடிப்பதுதான் இந்தக் குமிழின் வேலை. எடை 2 என்றால் இதையும் 2-இல் வைத்துத் தொடங்குங்கள். முள் சரசரவென்று நடுவை நோக்கித் தாவிப் போனால் இது குறைவு. வலது ஸ்பீக்கரில் மட்டும் குரல் கரகரத்தாலும் இது குறைவாக இருக்கலாம்.

பின்பக்க எடையே இல்லாத பெட்டிகளும் உண்டு. சூட்கேஸ் வடிவில் வரும் மலிவுப் பெட்டிகள் பலவற்றில் முள் 5 கிராம் அளவில் அமுக்குகிறது, அதை மாற்ற வழியில்லை. புதுத் தட்டு கேட்டு மகிழ அது போதும். அப்பாவின் தட்டுகளை அதில் போட வேண்டாம் என்பது என் தனிப்பட்ட கருத்து.

சத்தத்தைக் கேட்டு நோயறிதல்

தாவல் நின்ற பிறகும் சத்தம் சரியில்லையா? கேட்கும் விதத்தை வைத்தே காரணத்தைக் கண்டுபிடிக்கலாம்.

முள் தட்டில் இறங்கியும் வரியில் உட்காராமல், பனிக்கட்டியில்போல் வழுக்கிக்கொண்டு போகிறதா? பெரும்பாலும் கை தூக்கும் நெம்புகோலின் தாங்கி உயரமாக இருக்கும். கை அதன்மேலேயே உட்கார்ந்திருப்பதால் முள் வரியை எட்டவில்லை. பல பெட்டிகளில் அந்தத் தாங்கியின் உயரத்தைக் குறைக்க ஒரு சிறு திருகாணி உண்டு. கால் சுற்று திருகினால் போதும்.

முதல் பாட்டு தெளிவாக இருந்து, கடைசிப் பாட்டில் பி. சுசீலா ‘ச’ சொல்லும் இடமெல்லாம் எச்சில் தெறிப்பதுபோல் கேட்கிறதா? வெளி ஓரத்தில் வரி விநாடிக்கு 50 சென்டிமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. நடுவில் 21 சென்டிமீட்டர்தான். அதே பாட்டு பாதிக்கும் குறைவான இடத்தில் நெருக்கி அடைக்கப்பட்டிருக்கிறது. முள் தேய்ந்திருந்தாலோ கார்ட்ரிட்ஜ் கோணலாக இருந்தாலோ முதலில் தெரிவது அங்கேதான். கார்ட்ரிட்ஜ் கோணம் பார்க்கும் கட்டத்தாளை இணையத்திலிருந்து அச்செடுக்கலாம். அச்சில் அளவு சுருங்கக்கூடாது. அடிகோலால் அளந்து பாருங்கள். தட்டின் நடுப்புள்ளியிலிருந்து 66 மில்லிமீட்டர், 121 மில்லிமீட்டர் ஆகிய இரண்டு இடங்களிலும் கார்ட்ரிட்ஜ் கட்டத்துக்கு நேராக நிற்க வேண்டும்.

ஒரு ஸ்பீக்கர் மட்டும் பாடுகிறதா? ஆம்ப்ளிஃபயரின் பின்னால் இடது, வலது இணைப்புகளை மாற்றிப் போடுங்கள். ஊமையான பக்கம் இடம் மாறினால் குற்றம் பெட்டியில், மாறாவிட்டால் ஆம்ப்ளிஃபயரிலோ ஸ்பீக்கரிலோ. பெட்டியில் என்றால் கார்ட்ரிட்ஜின் பின்னால் உள்ள நான்கு கம்பிகளைப் பாருங்கள்: வெள்ளையும் நீலமும் இடது பக்கம், சிவப்பும் பச்சையும் வலது பக்கம். அவற்றின் முனைகளில் பச்சையாகக் களிம்பு ஏறியிருக்கும். மெல்லத் துடைத்தாலே பல நேரம் குரல் வந்துவிடும். கம்பி அறுந்திருந்தால் பற்றவைக்க வேண்டும். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளில் காலமெல்லாம் பற்றவைத்துப் பழகிய அத்தையோ அக்காவோ நம் உறவில் ஒருவராவது இருப்பார். அவரைக் கேளுங்கள். ஒன்று மட்டும்: கம்பி கார்ட்ரிட்ஜில் மாட்டியிருக்கும்போது சூடு வைக்கக்கூடாது, உள்ளே உருகிவிடும். கழற்றிய பிறகே பற்றவைக்க வேண்டும்.

தேனீக்கூடுபோல் ‘உம்ம்’ என்ற இரைச்சலா? பெட்டியின் பின்னால் தனியாகத் தொங்கும் மெல்லிய நிலக்கம்பியை ஆம்ப்ளிஃபயரில் அதற்குரிய திருகில் மாட்டுங்கள்.

சத்தம் மிகச் சிறியதாக, தகர டப்பாவுக்குள்ளிருந்து வருவதுபோல் இருக்கிறதா? காந்த வகை கார்ட்ரிட்ஜ் தருவது சில மில்லிவோல்ட் மின்சாரம்தான். அதை ‘போனோ’ என்று எழுதிய இடத்தில் மாட்ட வேண்டும். அந்த இடம் இல்லாத ஆம்ப்ளிஃபயருக்குத் தனியாக ஒரு போனோ பெட்டி வாங்க வேண்டும்.

இன்னும் ஒரு சிறு உத்தி. அறுபதுகளின் தமிழ்ப் படப்பாட்டுத் தட்டுகளில் பெரும்பாலானவை மோனோ. உங்கள் ஆம்ப்ளிஃபயரில் ‘மோனோ’ பொத்தான் இருந்தால் அமுக்குங்கள். பாட்டு அப்படியே இருக்கும், கரகரப்பு கணிசமாகக் குறையும்.

78 தட்டுகள் தனிச் சாதி

நம் வட்டாரத்துத் தோட்ட வீடுகளிலிருந்து வரும் பெட்டிகளில் 78 சுற்றுத் தட்டுகளும் கலந்திருக்கும். இந்தியாவில் அறுபதுகளின் இறுதிவரைகூட அவை வெளிவந்தன. ஆகவே எம்.ஜி.ஆர்., சிவாஜி படப்பாட்டுகளே 78-இல் உங்களிடம் இருக்கலாம்.

இவற்றின் வரி, எல்பி வரியைவிடப் பல மடங்கு அகலம். எல்பிக்கான ஸ்டீரியோ முள்ளின் முனை ஏறத்தாழ 18 மைக்ரான் ஆரம். 78-க்கு வேண்டியது 75 மைக்ரான். எல்பி முள்ளை 78 தட்டில் வைத்தால் அது சுவரைத் தொடாமல் அடியில் கிடக்கும் குப்பையைக் கிளறிக்கொண்டு போகும். பாட்டைவிட இரைச்சல்தான் அதிகம் கேட்கும். பழைய ரேடியோகிராம் முள்ளில் புரட்டிப்போடும் சிறு நெம்பு இருந்தால் அதில் ‘78’ என்ற பக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். புதுப் பெட்டிகளுக்கும் தனியாக 78 முள் விற்கிறார்கள்.

இதற்கு நேர்மாறானது பெரிய ஆபத்து. சாவி கொடுத்துச் சுழற்றும் கிராமபோனில் எல்பியையோ சின்ன 45 சுற்றுத் தட்டையோ ஒருபோதும் போடாதீர்கள். அதன் இரும்பு ஊசி மேல் நூறு கிராமுக்கும் அதிகமான பாரம் உட்காரும். ஒரே ஓட்டத்தில் பாட்டை உழுதுவிடும்.

துடைப்பதிலும் கவனம் தேவை. 78 தட்டு அரக்கால் ஆனது. தச்சர் மேசை நாற்காலிக்குப் பூசும் பாலிஷ், அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துச் செய்வதுதானே? அதேபோல் ஸ்பிரிட் பட்டால் இந்தத் தட்டும் கரையும். எல்பிக்கு விற்கும் துடைப்புத் திரவங்கள் சிலவற்றில் ஸ்பிரிட் கலந்திருக்கும். 78-க்கு ஈரம் பிழிந்த மெல்லிய துணி போதும். நடுவில் உள்ள காகிதத்தில் ஈரம் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பெட்டி வாங்கப் போகிறீர்களா?

ஜார்ஜ்டவுன் லோரோங் கூலிட் பழைய பொருள் சந்தையில் தட்டும் பெட்டியும் கண்ணில் படும். காலையிலேயே போய்விடுங்கள். பெட்டியைப் பார்த்ததும் மின்சாரம் கொடுத்துச் சுழல்கிறதா என்று பார்ப்பதோடு நிற்காதீர்கள். கையின் தலையை இரண்டு விரலால் பிடித்து மிக மெல்ல ஆட்டுங்கள். அச்சில் ‘லொடலொட’ ஆட்டம் இருந்தால் வேண்டாம். முள் இல்லை என்றால் கவலையில்லை. ஆனால் அந்த கார்ட்ரிட்ஜுக்கு இன்னும் முள் கிடைக்கிறதா என்று கைப்பேசியில் தேடிவிட்டு விலை பேசுங்கள். ஷூர் நிறுவனம் 2018-இல் கார்ட்ரிட்ஜ், முள் தயாரிப்பதையே நிறுத்திவிட்டது. அதன் கார்ட்ரிட்ஜுகளுக்கு இப்போது வேறு நிறுவனங்கள் செய்யும் முள்தான் துணை.

ஜப்பானிலிருந்து வரும் பழைய பெட்டிகள் 100 வோல்ட் மின்சாரத்துக்கானவை. நம் வீட்டுச் சுவரில் நேராக மாட்டினால் புகைதான் வரும், இறக்கும் டிரான்ஸ்பார்மர் தேவை. டிரான்ஸ்பார்மர் போட்டும் டி.எம்.எஸ். குரல் மந்தமாக இழுத்தால், அந்தப் பெட்டியின் மோட்டார் 60 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்கு அமைந்ததாக இருக்கலாம். இங்கே 50 ஹெர்ட்ஸ். முள்ளை மாற்றி இதைத் தீர்க்க முடியாது.

புதிதாக வாங்குபவர்களுக்கு ஒரு செய்தி. டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 என்ற பெட்டி 1972-இல் ஜப்பானில் பிறந்தது. 2019-இல் வந்த அதன் ஏழாம் வகை நம் மலேசியாவிலேயே தயாராகிறது. விலை எல்லார் கைக்கும் எட்டாது, உண்மை. எட்டும் விலையில் வாங்கினாலும் மூன்றைப் பாருங்கள்: பின்பக்க எடை திருகக்கூடியதா, ஆன்டி ஸ்கேட் உண்டா, முள்ளை மட்டும் தனியாக மாற்ற முடியுமா. இந்த மூன்றும் இருந்தால் மீதியைப் போகப் போகச் சரிசெய்துகொள்ளலாம்.

வாங்கிய தட்டுகளைக் காரில் விட்டுவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள். நண்பகல் வெயிலில் மூடிய காருக்குள் தட்டு அப்பளம்போல் வளைந்துவிடும். வளைந்த தட்டில் எவ்வளவு நல்ல கையும் துள்ளும். வீட்டிலும் அடுக்கிப் படுக்க வைக்காமல், புத்தகம்போல் நிமிர்த்தி வையுங்கள்.

முள் மாற்றிய நாளை ஒரு சிறு தாளில் எழுதிப் பெட்டியின் அடியில் ஒட்டுங்கள். வாரத்துக்கு எத்தனை மணி நேரம் கேட்கிறீர்கள் என்று உங்களுக்கே தெரியும். அடுத்து எப்போது மாற்ற வேண்டும் என்று தாளே சொல்லிவிடும்; காது சொல்லும்வரை காத்திருக்க வேண்டாம்.

சரிசெய்த பெட்டியில் முதலில் போட வேண்டியது அப்பாவின் தட்டு அல்ல. சந்தையில் சில வெள்ளிக்குக் கிடைக்கும், யாருக்கும் வேண்டாத தட்டு ஒன்றைச் சோதனைக்கென்றே வைத்துக்கொள்ளுங்கள். அது இரண்டு பக்கமும் தாவாமல், கரகரக்காமல் ஓடி முடியட்டும். பிறகு அப்பாவின் தட்டை உறையிலிருந்து எடுக்கலாம்.